தோல் துளிர்த்த வரலாறு



சனிக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்து முழுகும் வழக்கம் நம் வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. எண்ணெய் ஊறிய உடம்பில் சீயக்காய்த் தூளையோ பாசிப்பயற்று மாவையோ பூசிப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கும்போது, சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று திரிதிரியாக உருண்டு வருவதைக் கண்டிருப்பீர்கள். அதனை அழுக்கு என்கிறோம். அதில் தெருப்புழுதியும் உண்டு. வியர்வையின் உப்பும் உண்டு. ஆனால் அதில் கணிசமான பங்கு வெளியிலிருந்து வந்ததன்று. அது நம் தோலேதான். பாம்பு தன் சட்டையை ஒரே மூச்சில் உரித்துப் போடுகிறது. நாமோ நம் சட்டையை நாள்தோறும், நாழிகைதோறும், கண்ணுக்குத் தெரியாத பொடியாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அவ்வாறு இடைவிடாமல் உதிர்ந்தும் நம் தோல் ஏன் தேய்ந்து போவதில்லை? நாள்தோறும் தேய்க்கும் செப்புக்குடம் தேய்கிறது. நடக்க நடக்கச் செருப்பு தேய்கிறது. செருப்பில்லாமல் நடக்கும் உழவனின் உள்ளங்காலோ தேயாததோடு தடித்தும் போகிறது. தேய்மானத்தை ஈடு செய்பவர் யார்? எங்கிருந்து செய்கிறார்? இந்தக் கேள்விக்கு விடை காண மனித குலத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்ல எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது நூல்களைப் படித்ததால் அன்று. 1961ஆம் ஆண்டில் நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு தை மாதத்தில் என் பெரியம்மா சோற்றுப்பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிக்கும்போது பானை நழுவி, கொதிக்கும் கஞ்சி அவருடைய வலக்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டிவிட்டது. தோல் கொப்புளித்து உரிந்து, கை முழுவதும் சிவந்த புண்ணாயிற்று. அடுத்த மாதமே எங்கள் தெருக்கோடி வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்து, என்னோடு கோலி விளையாடிய தோழன் ஒருவன் உடம்பெல்லாம் வெந்து போனான்.

பெரியம்மாவின் கையை மருத்துவமனை ஊழியர் ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டவிழ்த்து மருந்திடுவார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நிற்பேன். புண்ணின் ஓரங்களிலிருந்து மெல்லிய வெண்படலம் ஒன்று உள்நோக்கி நகர்ந்து வந்தது. அதோடு, புண்ணின் நடுவிலேயும், ஏரியில் தோன்றும் மேடுகளைப் போலச் சிறு சிறு புள்ளிகள் எழுந்து பரந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. ஒரு மாதத்துக்குள் கை ஆறிவிட்டது. என் தோழனுக்கோ ஓரம் என்று சொல்ல ஓரமே இல்லை. பத்தாம் நாள் அவன் இறந்தான். ஒரே தீ; ஒரே தோல். ஒரு புண் ஆறியது. மற்றொன்று ஏன் ஆறவில்லை? வீட்டில் பெரியவர்களைக் கேட்டேன். விதி என்றார்கள். அந்த விடை அன்றும் எனக்குப் போதவில்லை, இன்றும் போதாது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் நுண்ணோக்கி என்ற கருவி அறிஞர் கைக்கு வந்தது. 1665ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி அக்கருவியின் கீழ் வைத்துப் பார்த்தார். தேன்கூட்டைப் போன்ற சிறு சிறு அறைகளைக் கண்டு, அவற்றுக்குத் துறவியர் மடத்துச் சிற்றறையைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டார். 'செல்' என்ற சொல் அறிவியலுக்கு வந்தது இவ்வாறே. நாம் அதனை உயிரணு என்று வழங்குகிறோம். அதே காலத்தில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த மார்ச்செல்லோ மால்பீகி என்ற மருத்துவர் தோலை ஆராய்ந்தார். மேல்தோல் ஒரே தகடு அன்று, அதன் மேற்பகுதி உலர்ந்தது, அடிப்பகுதி மென்மையும் ஈரமும் உடையது என்று அவர் கண்டார். அந்த அடியடுக்குக்கு அவர் பெயரே நெடுங்காலம் வழங்கி வந்தது. நம் கேள்விக்குரிய விடை ஒளிந்திருந்த இடத்தை மால்பீகி சுட்டிக் காட்டிவிட்டார். ஆனால் அங்கே நடப்பது என்ன என்பதை அறியும் ஆற்றல் அவர் கருவிக்கு இல்லை.

பிறகு ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழிந்தன. 1838ஆம் ஆண்டில் ஷ்லைடன் என்ற ஜெர்மானியர் தாவரங்கள் உயிரணுக்களால் ஆனவை என்றார். அடுத்த ஆண்டு அவருடைய நண்பர் தியோடர் ஷ்வான் விலங்குகளும் அவ்வாறே என்று நிறுவினார். செங்கல்லால் வீடு அமைவது போல உயிரணுக்களால் உடல் அமைகிறது என்னும் இப்பேருண்மையை அறிவுலகம் விரைவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தச் செங்கற்களை அறுப்பவர் யார் என்று கேட்டபோது, அவ்விருவரும் தவறான விடையையே தந்தார்கள். பாகிலிருந்து கற்கண்டு விளைவதைப் போல, உருவமற்ற ஒரு கூழிலிருந்து உயிரணுக்கள் தாமே திரண்டு விளைகின்றன என்று ஷ்வான் எண்ணினார். அது உண்மையானால் புண்ணில் ஊறும் நீரிலிருந்தே புதுத்தோல் உறைந்து உண்டாக வேண்டும். உடம்பு முழுதும் வெந்தவனுக்கும் தோல் விளைய வேண்டும். விளையவில்லையே!

இந்தத் தவற்றைத் திருத்தியவர் ராபர்ட் ரேமாக். அவர் 1815ஆம் ஆண்டில் போசன் நகரில் பிறந்த யூதர். பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர். அக்காலத்தில் பிரஷ்யா நாட்டில் ஞானஸ்நானம் பெறாத யூதருக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை கிடையாது. மதம் மாறினால் பதவி உண்டு என்ற நிலையிலும் அவர் மாறவில்லை. அரசரின் தனி அனுமதி பெற்ற பிறகே 1847இல் அவரால் விரிவுரையாளராக முடிந்தது. கோழிக் குஞ்சின் கருவில் இரத்த அணுக்கள் இரண்டிரண்டாகப் பிரிவதை அவர் 1841ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். அடுத்த பத்தாண்டுகள் பொறுமையோடு ஆராய்ந்து, 1852இல் தம் முடிவை உறுதியாக எடுத்துரைத்தார். உயிரணு கூழிலிருந்து தோன்றுவதில்லை. முன்னமே உள்ள ஓர் உயிரணு பிளவுபட்டே புதிய உயிரணு தோன்றுகிறது என்பதே அம்முடிவு.

1855ஆம் ஆண்டில், புகழ் வாய்ந்த மருத்துவ அறிஞரான ருடால்ஃப் விர்ஹோ, ஒவ்வோர் உயிரணுவும் ஓர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்ற கருத்தைச் சுருக்கமான இலத்தீன் வாசகமாக்கி வெளியிட்டார். 1858இல் வெளிவந்த தம் சொற்பொழிவு நூலில் நோய்கள் அனைத்தையும் இந்த அடிப்படையிலேயே விளக்கினார். அந்த வாசகம் உலகெங்கும் பரவியது. அதற்கு வழிவகுத்த ரேமாக்குக்கு உரிய இடத்தை விர்ஹோ அளிக்கவில்லை. இன்றும் நம் பாடநூல்கள் பலவற்றில் விர்ஹோவின் பெயர் இருக்கிறது. ரேமாக்கின் பெயரைத் தேடித்தான் காண வேண்டும். நண்பர்களே, தேர்வுக்காக ஒரு பெயரை மனப்பாடம் செய்யும்போது, அதன் நிழலில் மறைந்து நிற்கும் மற்றொரு பெயர் உண்டா என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

உயிரணு பிளவுபடுகிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வாறு பிளவுபடுகிறது? இதனைத் தெளிவாகக் கண்டவர் ஜெர்மனியின் கீல் நகரில் பணியாற்றிய வால்ட்டர் ஃபிளெமிங். பெனிசிலின் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங்கோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாலமாண்டர் என்பது பல்லி போன்ற உருவமும் தவளையின் உறவும் கொண்ட ஈரிடவாழ்வி. அதன் குஞ்சு நீரில் வாழும். அதன் செவுளும் வால் துடுப்பும் கண்ணாடி போல் மெல்லியவை. அதன் உயிரணுக்களோ மிகப் பெரியவை. அக்காலத்தில் துணிகளுக்கென்று புதிதாக உண்டாக்கப்பட்ட செயற்கைச் சாயங்களை ஃபிளெமிங் இந்தத் திசுக்களில் ஏற்றிப் பார்த்தார். உயிரணுவின் நடுவிலுள்ள உட்கருவில் ஒரு பொருள் சாயத்தை நன்றாகப் பற்றிக்கொண்டது. அணு பிளவுபடும் நேரத்தில் அப்பொருள் நூல் நூலாகத் திரண்டது. ஒவ்வொரு நூலும் நெடுக்கே இரண்டாகப் பிளந்தது. பிளந்த பாதிகள் எதிர் எதிர்த் திசைகளில் விலகின. இறுதியில் ஒன்று இரண்டாயிற்று. 1882இல் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சிக்கு, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'மைட்டாசிஸ்' என்ற பெயரை அவர் அளித்தார்.

அந்த நூலிழைகளே இன்று நாம் குரோமோசோம்கள் என்று அழைப்பவை. பரம்பரைப் பண்பை ஏந்தி நிற்பவை. ஆனால் ஃபிளெமிங்குக்கு அது தெரியாது. இன்று நம் பேச்சுக்கு முக்கியமானது வேறொன்று. உயிரணுப் பிளவை உலகம் முதன்முதலாகத் தெளிவாகக் கண்ட இடங்களில் ஒன்று ஒரு சிறிய பிராணியின் உடலைப் போர்த்திருந்த மெல்லிய மேற்படலம். அது தற்செயல் அன்று. உடலின் புறத்தைப் போர்த்தும் தோலும், வாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் உட்புறத்தைப் பூசியிருக்கும் படலமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை மேற்படலத் திசுக்கள் என்று கூறலாம். வெளியுலகத்தோடு உராய்வது அவற்றின் தொழில். ஆகவே தேய்வது அவற்றின் இயல்பு. எங்கே தேய்மானம் மிகுதியோ, அங்கே பிளவும் மிகுதி.

இக்கருத்துக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர் இத்தாலியின் தூரின் நகரில் பேராசிரியராக இருந்த ஜூலியோ பித்சோசெரோ. குடலின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால், நாற்றங்கால் போல விரல் வடிவான உறிஞ்சிகள் செறிந்து நிற்கும். அவற்றின் அடியில் சிறு கிணறுகள் போன்ற பள்ளங்கள் இருக்கும். பிளவுபடும் அணுக்கள் அந்தப் பள்ளங்களில் நிறைய இருப்பதையும், உறிஞ்சிகளின் மேற்பகுதியில் காணப்படாமையையும் பித்சோசெரோ கண்டார். ஆகவே அணுக்கள் பள்ளத்தில் பிறந்து, படியேறுவது போல மேலேறி, உச்சியில் உதிர்கின்றன என்று ஊகித்தார். 1894ஆம் ஆண்டில் ரோம் நகரில் கூடிய அனைத்துலக மருத்துவப் பேரவையில் உடலின் திசுக்களை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். வாழ்நாள் முழுதும் பிறந்தும் இறந்தும் கொண்டிருப்பவை ஒருவகை. தோலும் குடற்படலமும் இரத்தம் உண்டாகும் மச்சையும் இவ்வகையின. வளர்ந்த பின் ஓய்ந்திருந்து, தேவை நேர்ந்தால் மட்டும் பிளவுபடுபவை இரண்டாம் வகை. கல்லீரல் இதற்கு எடுத்துக்காட்டு. ஒருமுறை அமைந்தபின் பெரும்பாலும் மாறாதிருப்பவை மூன்றாம் வகை. நரம்பும் தசையும் இதில் அடங்கும்.

இதற்கிடையே அறுவை மருத்துவர்கள் நூலறிவுக்குக் காத்திராமல் வேறு வழியில் சென்றுகொண்டிருந்தார்கள். 1869ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றில் ழாக்-லூயி ரெவெர்தான் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு இளைஞர் பயிற்சி மருத்துவராக இருந்தார். ஆறாத புண் ஒன்றின் நடுவில், நோயாளியின் உடலிலிருந்தே கிள்ளியெடுத்த சிறு தோல் துணுக்குகளை அவர் வைத்துக் கட்டினார். துணுக்குகள் ஒட்டிக்கொண்டன. அதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் தீவு போல் நாற்புறமும் பரந்தது. நெல் நாற்று நடுவதைப் போன்ற இம்முறை விரைவில் ஐரோப்பாவெங்கும் பரவியது. சில ஆண்டுகளில் ஜெர்மனியில் தீர்ஷ் என்பவர் மெல்லிய அகன்ற தோற்பட்டைகளைச் சீவியெடுத்து ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார்.

ரெவெர்தானைப் பற்றி நான் கல்லூரியில் படித்தபோது, பெரியம்மாவின் கையில் தோன்றிய மேடுகள் என் கண்முன் வந்து நின்றன. அவற்றை அங்கே நட்டவர் ஒருவரும் இல்லையே! பின்னரே விளங்கிற்று. மயிர்க்கால்கள் தோலின் ஆழத்தில் இறங்கியிருக்கின்றன. மேற்பரப்பு வெந்தாலும், ஆழத்திலுள்ள மயிர்க்காலின் அணுக்கள் சில பிழைத்திருந்தால், அவை பிளவுபட்டு மேலேறிப் பரந்து புதுத்தோலாகின்றன. புல் கருகினாலும் வேர் இருந்தால் மழைக்குத் துளிர்ப்பதில்லையா? அதுபோலத்தான். என் தோழனின் உடலில் தீ வேர்வரை சென்றுவிட்டது. மிஞ்சிய தோலிலிருந்து எடுத்து ஒட்டலாமென்றால், மிஞ்சியதே சொற்பம்.

பிறருடைய தோலை எடுத்து ஒட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் பீட்டர் மெடவார் என்ற விலங்கியல் அறிஞர் இதே கேள்வியைக் கேட்டார். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வீட்டுக்கு அருகே போர் விமானம் ஒன்று விழுந்து, அதில் வெந்த வீரனைக் காப்பாற்ற மருத்துவர்கள் பட்ட பாடு அவரை இந்த ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது. கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து, தீப்புண்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டிப் பார்த்தார். முதலில் ஒட்டிய தோல் சில நாட்கள் நிலைத்து அழிந்தது. மறுமுறை ஒட்டியதோ அதைவிட விரைவில் அழிந்தது. ஒருமுறை கண்ட அயலாரை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 1943இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சி மாற்றுறுப்பு மருத்துவத்துக்கே அடிப்படையாயிற்று. மெடவாருக்கு 1960இல் நோபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் தீப்புண்பட்டவருக்கு அது சொன்ன செய்தி கடுமையானது. உடன்பிறந்தவரின் தோலும் உதவாது. தன் தோல் ஒன்றே தனக்கு நிலைக்கும். அதுவோ போதாது. என்ன செய்வது?

போதாததைப் பெருக்க வேண்டும். பெருக்க வேண்டுமானால், பிளவுபடும் அணுக்கள் எவை, எவ்வளவு விரைவாகப் பிளவுபடுகின்றன என்பவை முதலில் தெரிய வேண்டும். இதற்கு வழிகாட்டியவர்களுள் தலைசிறந்தவர், பிரான்சில் பிறந்து கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஷார்ல் லெப்ளாண். குடலின் மேற்படலம் சில நாட்களுக்குள் முற்றிலும் புதிதாகிவிடுகிறது என்று 1948இல் அவரும் அவருடன் உழைத்த காதரின் ஸ்டீவன்சும் எலிகளில் கணக்கிட்டுக் காட்டினர். 1950களின் இறுதியில் இதனினும் நுட்பமான முறை ஒன்று கைவந்தது. பிளவுபடப் போகும் அணு, தன் மரபுப் பொருளை இரட்டிப்பாக்கத் தைமிடின் என்ற பொருளை உட்கொள்கிறது. அதில் மெல்லிய கதிரியக்கம் உடைய ஹைட்ரஜனைச் சேர்த்து எலிக்குச் செலுத்தினார்கள். பிறகு திசுவைச் சீவலாக்கி, அதன்மேல் புகைப்படப் பசையைப் பூசி இருட்டில் வைத்தார்கள். எந்த அணு தைமிடினை உட்கொண்டதோ, அதன்மேல் கரும்புள்ளிகள் விழுந்தன. அணுக்கள் தம் ஒளிப்படத்தைத் தாமே எடுத்துக்கொண்டன எனலாம்.

புள்ளி விழுந்த அணுக்கள் முதல் நாளில் தோலின் அடியடுக்கில், அதாவது மால்பீகி சுட்டிய அந்த இடத்தில், காணப்பட்டன. நாட்கள் செல்லச் செல்ல அதே அணுக்கள் மேலடுக்குகளில் தென்பட்டன. இவ்வாறு தோலின் வாழ்க்கை வெளிச்சமாயிற்று. நம் மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. அதன் அடித்தளத்தில் அணுக்கள் பிளவுபடுகின்றன. பிறந்தவற்றுள் சில அடித்தளத்திலேயே தங்குகின்றன. சில மேலே தள்ளப்படுகின்றன. மேலேறும் அணு கெராட்டின் என்னும் உறுதியான புரதத்தால் தன்னை நிரப்பிக்கொள்கிறது, தட்டையாகிறது, உட்கருவை இழக்கிறது, இறந்து, ஓட்டு வில்லை போல நம்மை மூடி நின்று காத்து, இறுதியில் உதிர்கிறது. இந்தப் பயணம் சில வாரங்களில் முடிகிறது. நம்மைப் பார்ப்பவர் காணும் முகம் இறந்த அணுக்களின் அடுக்கே; அதன் கீழே, கண்ணுக்குத் தெரியாத தளத்தில், உயிர் ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது.

அணுக்களைப் பிளவுபடத் தூண்டுவது எது என்பதும் எதிர்பாராத வழியில் தெரிய வந்தது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க அறிஞர் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை கண் திறக்கவேண்டிய நாளுக்குப் பல நாள் முன்பே கண் திறந்தன. சாற்றிலிருந்த ஒரு புரதம் தோலணுக்களின் வளர்ச்சியைத் தூண்டி இமைகளை விரைவில் முதிர்வித்தது என்று கண்டு, 1962இல் அப்புரதத்தைப் பிரித்தெடுத்து விவரித்தார். இதற்காக 1986இல் அவரும் ரீட்டா லெவி-மொந்தால்சினியும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனி நம் கதையின் திருப்பத்துக்கு வருவோம். 1975ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஹவர்டு கிரீன் என்பவரும் அவருடைய மாணவர் ஜேம்ஸ் ரைன்வால்டும், மனிதத் தோலின் அணுக்களைக் கண்ணாடித் தட்டில் தொடர்ந்து வளர்க்கும் முறையைக் கண்டார்கள். அதுவரை அவ்வணுக்கள் தனியே வைத்தால் விரைவில் வாடிவிடும். கிரீனும் ரைன்வால்டும் எலியின் இணைப்புத்திசு அணுக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கித் தட்டில் பரப்பி, அவற்றின் நடுவே தோலணுக்களை விதைத்தார்கள். எலியின் அணுக்கள் தாம் பெருகாமல், தோலணுக்களைச் செவிலித்தாய் போல ஊட்டி வளர்த்தன. தோலணுக்கள் திட்டுத்திட்டாகப் பெருகி, ஒன்றோடொன்று சேர்ந்து, உண்மையான தோல் போல அடுக்குகளாயின. கோஹன் கண்ட புரதத்தைச் சேர்த்தபோது அவை மேலும் நெடுங்காலம் வளர்ந்தன. தபால் தலை அளவு தோலிலிருந்து ஓர் ஆளைப் போர்த்தும் அளவுக்குத் தோலைப் பெருக்கலாம் என்ற நிலை சில வாரத் தூரத்தில் வந்துவிட்டது!

1981இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் இவ்வாறு வளர்த்த தோலைத் தீப்புண்பட்டவர்களுக்கு முதன்முதலாக ஒட்டிய செய்தியை வெளியிட்டார்கள். 1983ஆம் ஆண்டில் அந்நகருக்கு இரண்டு சிறுவர்கள் கொண்டுவரப்பட்டனர். இருவரும் உடன்பிறந்தோர். உடம்பில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெந்திருந்தது. முன்னாளில் அத்தகையோர் பிழைப்பது கனவிலும் நடவாதது. அவர்களுடைய உடலில் மிஞ்சியிருந்த சிறிதளவு தோலிலிருந்து கிரீனின் ஆய்வுக்கூடத்தில் தோலை வளர்த்து, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ உடலின் பாதியை அதனால் மூடினார்கள். இருவரும் பிழைத்தனர். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த அறிக்கையைப் பின்னாளில் நான் படித்தபோது, என் மனம் எங்கள் தெருக்கோடிக்குச் சென்றது. என் தோழனுக்கும் அதே வயதுதான் இருக்கும். அவனுக்கும் அவர்களுக்கும் இடையே நின்றது விதி அன்று. இருபத்திரண்டு ஆண்டுகளில் பெருகிய அறிவு.

வளர்த்த தோல் எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற ஐயம் பிறகு எழுந்தது. அடித்தளத்து அணுக்கள் எல்லாமே முடிவின்றிப் பிளவுபடுவதில்லை. பெரும்பாலானவை சில முறை பிளவுபட்டு ஓய்ந்துவிடுகின்றன. ஒரு சிலவே தம்மையும் தக்கவைத்துக்கொண்டு நெடுங்காலம் சந்ததியைத் தருகின்றன. அவற்றைக் குருத்தணுக்கள் என்கிறோம். 1987இல் யான் பாராந்தோனும் கிரீனும் தோலணுக்களின் இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டினார்கள். விதைநெல்லுக்கும் சோற்று நெல்லுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஒட்டும் தோலில் விதைநெல் இருந்தால்தான் அது ஆண்டுக்கணக்கில் விளையும். குடலிலும் இத்தகைய குருத்தணுக்கள் பள்ளங்களின் அடியில் உள்ளன என்பதை 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் உறுதி செய்தனர். பித்சோசெரோ விரல் நீட்டிய அதே பள்ளங்கள்தாம்!

கண்ணிலும் இதே கதைதான். கருவிழியின் மேலுள்ள தெளிவான படலத்தின் குருத்தணுக்கள், கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் விளிம்பில் குடியிருக்கின்றன. சுண்ணாம்போ அமிலமோ பட்டு அந்த விளிம்பு அழிந்தால் பார்வை மங்கிவிடும். நலமான கண்ணின் விளிம்பிலிருந்து சிறிதளவு எடுத்து வளர்த்து ஒட்டிப் பார்வையை மீட்கலாம் என்று 1997இல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி குழுவினர் காட்டினர். அதனை ஆய்வுக்கூடமே இன்றி, சிறு துணுக்குகளாகக் கண்ணிலேயே நட்டு வளர்க்கும் எளிய முறையை நம் நாட்டில் ஐதராபாத்தின் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் வீரேந்தர் சங்வான் குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். ரெவெர்தானின் நாற்று நடவு மீண்டும் ஒருமுறை பயன்பட்டது.

2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போகும் நகர மருத்துவமனைக்கு, சிரியாவிலிருந்து அடைக்கலம் தேடிவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். பிறவிக் குறையால் அவனுடைய மேல்தோல் அடித்தோலோடு ஒட்டாமல் கழன்றுகொண்டிருந்தது. இத்தாலியின் மிக்கேலே தெ லூக்கா குழுவினர் அவனுடைய அணுக்களில் குறையுற்ற மரபணுவுக்கு ஈடாக நல்ல பிரதியைச் சேர்த்து, தோலாக வளர்த்து அனுப்பினர். அவனுடைய மேல்தோலில் ஏறத்தாழ 80 விழுக்காடு புதிதாக்கப்பட்டது. அவன் பள்ளிக்குத் திரும்பினான். 2017இல் வெளிவந்த அறிக்கை, அந்தத் தோல் முழுவதையும் தாங்கி நிற்பவை நெடுங்காலம் வாழும் ஒரு சில குருத்தணுக்களே என்று மெய்ப்பித்தது.

இந்தப் பிளவாற்றல் வரம் மட்டும் அன்று. பிளவின் கட்டுப்பாடு குலைந்தால் அதுவே புற்றுநோய். மனிதருக்கு வரும் புற்றுகளில் பெரும்பாலானவை மேற்படலத் திசுக்களிலேயே தோன்றுகின்றன. அந்நோய்க்குத் தரும் மருந்துகள் பலவும் பிளவுபடும் அணுக்களைத் தாக்குவதால்தான், நோயாளியின் மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் நேர்கின்றன. மேலும், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மேல்தோலில் வியர்வைச் சுரப்பியும் மயிரும் முளைப்பதில்லை. அதை வளர்த்தெடுக்க வாரங்கள் ஆகின்றன. அத்தனை நாள் நோயாளி உயிரோடு இருக்க வேண்டும். செலவோ மிகுதி. அறிவு பிறந்துவிட்டது, அது எல்லாத் தெருக்கோடிகளுக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை உங்கள் தலைமுறைக்கு மிஞ்சியிருக்கிறது.

அதுவரை, நீங்கள் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய செயல் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் யாருக்கேனும் தீயோ கொதிநீரோ பட்டால், மாவையும் மையையும் பற்பசையையும் தேடி ஓடாதீர்கள். உடனே ஓடும் குளிர்ந்த நீரில் வெந்த இடத்தை இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு தூய துணியால் மூடி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பனிக்கட்டி வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீர் சூட்டை ஆழத்துக்கு இறங்கவிடாமல் தடுக்கிறது. ஆழத்தில் மயிர்க்காலைச் சுற்றி ஒரு சில அணுக்கள் பிழைத்திருந்தால், மீதி வேலையை அவை செய்துகொள்ளும்.

என் பெரியம்மா பின்னும் முப்பது ஆண்டுகள் அந்தக் கையால் எங்களுக்குச் சோறு படைத்தார். அந்தக் கையில் சிறிது நிறம் வெளுத்த ஒரு வரைபடம் இருந்தது. தீவுகள் ஒன்றோடொன்று சேர்ந்த எல்லைகள் அதில் தெரியும். உயிரணு உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்ற உண்மையை நான் முதலில் படித்தது அந்தக் கையில்தான்.